எல்லாப் பொத்தானையும் அழுத்துகிறவர்கள்

1

எனக்கு வேலை போனது உண்மை. திமிரால் போனது என்று எங்கள் பொன்முடியிலும் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலும் பேசிக்கொள்கிறார்களாம். அதுவும் முழுப் பொய் இல்லை. ஆனால் எதற்காகத் திமிர் பிடித்தேன் என்பதைச் சொல்லாமல் விட்டால், கேட்கிறவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்வார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

திருவனந்தபுரத்தில் இந்தத் தமிழ்ப் பத்திரிகையை நடத்துகிற ஆசிரியர், நான் ஜெர்மனிக்கு வந்த நாளிலிருந்து கட்டுரை கேட்டு வருகிறார். பனி விழுவதைப் பற்றி எழுதலாமே, தனியாக இருக்கும் பெண்ணின் ஊர் ஏக்கத்தைப் பற்றி எழுதலாமே என்பார். பொன்முடியில் எதிரே நிற்கிற ஆளின் முகம் தெரியாத மூடுபனியில் வளர்ந்தவளுக்குப் பனியில் என்ன அதிசயம்? ஏக்கம் என்று சொன்னால், எஸ்டேட் லயத்தில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு குடும்பம் இருமிக்கொண்டு படுத்திருந்த வீட்டுக்காக நான் ஏங்கவில்லை. அம்மாவை நினைப்பேன். அது வேறு.

என்னைத் தெரியாதவர்களுக்கு: என் பெயர் பேச்சியம்மாள். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து தேயிலைக்கு வந்த குடும்பம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் கால் வைத்தவள் நான். இதைச் சொன்னதும் சிலர் முகத்தை இளக்கிக்கொண்டு “பாவம்” என்கிறார்கள். வேண்டாம். நான் பாவப்பட்டுச் சொல்லவில்லை.

எஸ்டேட் பள்ளியில் தமிழில் தொடங்கி, மலை இறங்கியதும் மலையாளத்துக்கு மாறி, திருவனந்தபுரம் பாலிடெக்னிக்கில் ஆங்கிலத்தில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன். அதே ஊரை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் சில வருடம் வேலை. அங்கிருந்து இங்கே. இங்கே ஜெர்மன். ஒவ்வொரு முறையும் ஒரு புது மொழியில் ஊமையாக நின்று, பிறகு வாய் திறந்திருக்கிறேன். வெளிநாட்டவர்க்குத் தங்கும் அனுமதி தரும் அயலார் அலுவலகத்துக்கு முதல் தடவை போனபோது, என் அனுமதி காலாவதியாகப் போகிறது என்று சொல்ல நினைத்து, நானே காலாவதியாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். மேசைக்குப் பின்னாலிருந்த மீசைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “அப்படித் தெரியவில்லையே” என்றார். அவர்தான் இன்றுவரை என் கோப்பைப் பார்க்கிறவர்.

2

நான் வேலை பார்த்த கம்பெனி லிஃப்டுகளுக்கு மூளை செய்கிறது. பெட்டி, கயிறு, மோட்டார் எல்லாம் வேறு ஆட்களுடையது. எந்த மாடியில் யார் அழைக்கிறார்கள், கதவு மூடியதா, எங்கே நிற்க வேண்டும் என்று கணக்குப் போடும் ஒரு பச்சைப் பலகை எங்களுடையது. அதற்குள் ஒரு சிறிய ப்ராசஸர். அதில் ஓடும் நிரலைச் சோதிப்பது என் வேலை.

தொழிற்சாலையின் பின்பக்கத்தில் சோதனைக்கென்றே ஒரு கோபுரம் உண்டு. உள்ளே நிஜமான லிஃப்ட், நான்கு தளம். அங்கே எனக்குத் துணை ஃப்ராவ் க்ராமர் என்ற மூத்த பெண்மணி. சோதனை வரிசையை மனப்பாடமாக வைத்திருப்பார். இரண்டாம் தளத்தில் பொத்தானை அழுத்துவது. விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது. கதவு திறக்கும்வரை நிற்பது. உள்ளே போய், கதவு மூடிய பிறகு அடுத்த பொத்தான். கோயிலில் தீபாராதனைக்கு நிற்பது போல நிற்பார். நானும் நின்று பழகினேன்.

எங்கள் பிரிவுத் தலைவர் ஹெர் லாங்கே. கெட்டவர் இல்லை. பிறந்தநாளுக்கு எல்லோருக்கும் தானே கேக் வாங்கி வருவார். ஆனால் அவர் மேசை வழியாகத்தான் என் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும். ஒப்பந்தம் இருந்தால்தான் தங்கும் அனுமதி. அதாவது அவர் கையெழுத்து இல்லையென்றால் எனக்கு வேலை மட்டும் இல்லாமல் போகாது, நாடும் இல்லாமல் போகும். இதை அவர் ஒருபோதும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

இந்த வருடம் புதிய பலகை ஒன்று வந்தது. ஆபத்து மணியை அழுத்தினால் அதுவே தொலைபேசியில் ஆளைக் கூப்பிடும் வசதியோடு. முதல் தொகுதி வடக்கே ஓர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சோதனைத் தாளில் என் கையெழுத்து விழுந்தால் வண்டி கிளம்பும். என் ஒப்பந்தம் முடிகிற மாதமும் அதுதான்.

3

நடந்ததைச் சொல்வதற்கு முன் ப்ராசஸரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கம்ப்யூட்டர் தெரியாதவர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கொழுந்து லாரியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

எங்கள் எஸ்டேட் லாரிக்குப் பின்னால் ஒரே வாசல். முதலில் ஏற்றிய சாக்கு உள்ளே சுவரோடு ஒட்டிக் கிடக்கும். கடைசியில் ஏற்றியதுதான் முதலில் இறங்கும். ப்ராசஸரும் இப்படி ஓர் அடுக்கு வைத்திருக்கிறது. அதற்கு ஸ்டாக் என்று பெயர். ஒரு வேலை செய்துகொண்டிருக்கும்போது நடுவில் இன்னொரு வேலை வந்தால், கையிலிருப்பதை அந்த அடுக்கில் வைக்கும். எந்த வரியில் நிறுத்தினேன் என்பதையும் வைக்கும். புது வேலை முடிந்ததும் கடைசியாக வைத்ததை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். விட்ட இடத்துக்குத் திரும்புவது என்றதும், ஆசிரியர் அதைப் பிறந்த ஊர் என்று திருத்திவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். அது பாதியில் நின்ற ஒரு வேலை. அவ்வளவுதான்.

அடுக்கு ப்ராசஸருக்குள் இருப்பதில்லை. வெளியே, சாதாரண நினைவகத்தில், மற்றத் தகவல்கள் இருக்கும் அதே கூடத்தில் இருக்கிறது. ப்ராசஸர் தனக்குள்ளே வைத்திருப்பது ஒரே ஓர் எண். அடுத்த சாக்கை எந்த இடத்தில் வைப்பது என்று சொல்லும் எண். அதை வைத்திருக்கும் சின்ன அறைக்கு ஸ்டாக் பாயிண்டர் என்று பெயர். இப்படிப்பட்ட உள்ளறைகளைத்தான் ரெஜிஸ்டர் என்கிறோம். அந்த எண் எங்கே காட்டுகிறதோ அங்கே ப்ராசஸர் கண்ணை மூடிக்கொண்டு வைக்கும். அங்கே இடம் இருக்கிறதா, வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்காது. மின்சாரம் போட்டவுடன் அந்த அறையில் ஏதோ ஒரு குப்பை எண் கிடக்கும். நாம்தான் முதல் வேலையாகச் சரியான எண்ணை அதில் வைக்க வேண்டும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டேன்.

பாலிடெக்னிக் கடைசி வருடம் நானும் ஜெபாவும் சேர்ந்து ஒரு மாதிரி லிஃப்ட் செய்தோம். ஜெபா பாறசாலைக்காரி. என்னைப் போலவே வீட்டில் தமிழ், பஸ்ஸில் மலையாளம். அட்டைப்பெட்டி, நூல், சின்ன மோட்டார், மூன்று மாடி. ஓட்டுவதற்கு நாங்களே சாலிடர் வைத்த ப்ராசஸர் பலகை. லேபில் இருந்த பயிற்சிக் கருவியில் (கிட்டு என்போம்) எங்கள் நிரல் அழகாக ஓடியது. பரீட்சை நாளில், வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் முன்னால், எங்கள் பலகையில் போட்டு மின்சாரத்தைக் கொடுத்தோம். அட்டைப்பெட்டி ஏறியது. மூன்றாம் மாடியிலும் நிற்காமல் ஏறியது. நூல் அறுந்து மேசைக்கு அடியில் போய் விழுந்தது.

எக்ஸாமினர் என் ஊர்ப் பெயரைப் பதிவேட்டில் பார்த்திருக்கிறார். “லிஃப்ட் எவிடே போயி குட்டீ? பொன்முடிக்கோ?” என்றார். லேப் முழுக்கச் சிரித்தது. ஜெபா என் கையைக் கிள்ளி, “மிண்டாம நில்லுடி” என்றாள். நான் சும்மா நிற்கவில்லை. “சார் ஊணு கழிச்சு வரும்போது இது ஓடும்” என்றேன். அவர் வாட்சைப் பார்த்துவிட்டு ஊணுக்குப் போனார்.

கம்பிகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஜெபாதான் மேசைக்கடியில் அட்டைப்பெட்டியைத் தேடிக்கொண்டே கேட்டாள்: “கிட்டில ஓடுது, இதில ஓடல்ல. அப்ப அந்தக் கிட்டு நமக்குத் தெரியாம என்னத்தயோ செஞ்சு தருது, இல்லியா?”

அதுதான். பயிற்சிக் கருவிக்குள் கம்பெனிக்காரன் ஏற்கெனவே எழுதி வைத்த நிரல் ஒன்று இருந்தது. மின்சாரம் போட்டதும் அது ஸ்டாக் பாயிண்டரில் ஒரு நல்ல எண்ணை வைத்துவிடும். ஆகவே அந்த வரியை எழுத வேண்டும் என்று எங்கள் பாலிடெக்னிக்கில் யாருக்குமே தோன்றியதில்லை. மூத்த மாணவிகளின் ரெக்கார்டைப் பார்த்து இளையவர்கள் எழுதுவார்கள். அவர்களைப் பார்த்து அடுத்தவர்கள். எல்லா ரெக்கார்டிலும் முதல் வரி காணாமல் போயிருந்தது. எல்லாருக்கும் முழு மார்க். சொந்தப் பலகை கட்டியவர்கள் நாங்கள் மட்டும்தான். எனவே விழுந்தவர்களும் நாங்கள் மட்டும்தான்.

ஒரே ஒரு வரியைச் சேர்த்து, கைவசமிருந்த வேறொரு சிப்பில் எழுதிப் போட்டோம். எக்ஸாமினர் கை துடைத்துக்கொண்டு வந்தபோது லிஃப்ட் இரண்டாம் மாடியில் நின்று அவருக்காகக் காத்திருந்தது. மார்க் போட்டார்.

அன்றிலிருந்து ஒன்றைக் கவனித்து வருகிறேன். படித்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த முதல் எண்ணை யாரோ வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். எந்தப் பள்ளி, எந்தப் பாடம், பேட்டியில் என்ன சட்டை என்று வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்கிறது. தங்களுக்காக யாரோ ஒருவர் இதைச் செய்தார் என்பதே அவர்களுக்குத் தெரியாது. தாமாக ஓடுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு யாரும் வைத்துத் தரவில்லை. நான் வைத்த எண் நான் வைத்தது. யாரும் வந்து இது எங்கிருந்து வந்தது என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

4

அந்த அட்டைப்பெட்டி லிஃப்டைச் செய்வதற்கு முன் நிஜ லிஃப்டைப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு பேரும் அதுவரை லிஃப்டில் ஏறியதில்லை. தம்பானூரில் ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு லாட்ஜில் தானாகக் கதவு மூடும் லிஃப்ட் புதிதாக வைத்திருப்பதாகச் சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை போனோம். மேனேஜர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். நாங்கள் நான்காம் முறை ஏறி இறங்கியபோது மேசையை விட்டு எழுந்து வந்தார்.

“பிள்ளேளா, என்ன இது? ஊஞ்சல்லயா உட்காந்திருக்கிய? ரூம் எடுக்க வந்தியளா, களிக்க வந்தியளா?”

“படிக்க வந்தோம் அண்ணாச்சி,” என்றாள் ஜெபா.

“லிஃப்டுல ஏறியா படிக்கிய? எந்தக் காலேஜு அது? எம் மவளயும் சேக்கணும்.”

விஷயத்தைச் சொன்னதும் மனுஷர் இளகிவிட்டார். ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தார். “படிக்கணும்னா ஏறப்புடாது. இங்கன இருந்து ஆள்கள நோக்கு. மண்டலக் காலம், இப்பப் பாரு கூத்த.”

சபரிமலைக்குப் போகும் கூட்டம் உள்ளே வந்தது. ஒருவர் மேலே போகும் பொத்தானை அழுத்தினார். பக்கத்திலிருந்தவர் கீழே போகும் பொத்தானை அழுத்தினார். “ரெண்டும் அமுக்கினாத்தான் சீக்கிரம் வரும்” என்று காரணமும் சொன்னார். மூன்றாமவர் இரண்டையும் சேர்த்து உள்ளங்கையால் அறைந்தார். கதவு திறந்ததும் உள்ளே பாதிப் பேர், வெளியே பாதிப் பேர். பின்னால் வருகிற சாமிக்காக ஒருவர் கதவிடுக்கில் காலை வைத்தார். கதவு மூடவந்து, காலில் இடித்து, திறந்து, மறுபடியும் மூடவந்தது. உள்ளே இருந்தவர்கள் எல்லாப் பொத்தானையும் அழுத்தினார்கள். ஒருவர் விசிறிக்கென்று நினைத்து ஆபத்து மணியையும் அழுத்தினார். மணி அடித்தது. “சரணமய்யப்பா” என்றது கூட்டம்.

“பாத்தியளா,” என்றார் மேனேஜர். “வச்சவன் வந்து சொல்லித்தந்தான், ஒருதரம் தொட்டா மதின்னு. யாரு கேக்குதா? ஆனா பாரு, நிக்காம ஓடுது. நல்ல சாதனம்.”

நாங்கள் சிரித்துச் சிரித்துக் குறிப்பெடுக்க மறந்துவிட்டோம்.

5

இனி இந்த வருடத்துக்கு வருகிறேன். நான் குடியிருக்கும் கட்டிடத்தில் எனக்கு மேல் மாடியில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று. வசந்தி அக்கா, அவருடைய மகள் மதுரா. மதுரா இங்கேயே பிறந்தவள். மூன்றாம் வகுப்பு. ஒரு மாலை மூவரும் கீழே லிஃப்டுக்காக நின்றோம். கையில் அரிசி மூட்டை. லிஃப்ட் வரவில்லை. நான் பொத்தானை மறுபடி அழுத்தினேன். மறுபடியும்.

“அன்ரி, ஏன் திரும்பத் திரும்ப அமத்துறீங்கள்? ஒருக்கா அமத்தினாக் காணும். அதுக்கு விளங்கும்,” என்றாள் மதுரா.

“அதுக்கு விளங்கும். எனக்கு விளங்க வேண்டாமா?”

“பள்ளிக்கூடத்திலை சொல்லித் தந்தவை. அப்பிடி அமத்தினா பழுதாப் போகுமாம்.”

வசந்தி அக்கா சிரித்தார். “பாத்தீரே? லிஃப்டுக்கு இவ்வளவு மரியாதை. நான் தமிழிலை கேட்டால் மட்டும் டொச்சிலைதான் மறுமொழி.”

“உங்களுக்கு டொச் விளங்கும்தானே,” என்றாள் மதுரா. சொன்னது டொச்சில், அதாவது ஜெர்மனில்.

லிஃப்ட் வந்து நான் என் மாடியில் இறங்கியதும், அவர்கள் இருவரும் வாதாடிக்கொண்டே மேலே போனார்கள். நான் அரிசியை இறக்கி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தேன். அந்தக் குழந்தை சொன்னது என் மண்டையில் நின்றது. இந்த ஊரில் குழந்தையிலிருந்து ஃப்ராவ் க்ராமர்வரை எல்லோரும் ஒருமுறை அழுத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள். எங்கள் சோதனை வரிசையை எழுதியவர்களும் அப்படிப்பட்டவர்கள்தான். அதில் எந்த வரியிலும் இரண்டு பொத்தான் ஒன்றாக அழுத்தப்படுவதில்லை. யாருடைய காலும் கதவில் இல்லை. எனக்குத் தெரிந்த லிஃப்டுக்கும் இந்தத் தாளில் இருக்கும் லிஃப்டுக்கும் சம்பந்தமே இல்லை.

மறுநாள் கோபுரத்தில் ஃப்ராவ் க்ராமரிடம் மூன்றாம் தளத்தில் நின்று இரண்டு பொத்தானையும் விடாமல் அழுத்தச் சொன்னேன்.

“இரண்டையுமா? நான் எங்கே போக விரும்புகிறேன்?”

“அது உங்களுக்கே தெரியாது. அவசரம். பின்னால் உங்கள் மைத்துனர் வருகிறார்.”

“எனக்கு மைத்துனர் இல்லை,” என்று சொல்லிக்கொண்டே போனார். ஆனால் அழுத்தினார்.

நான் உள்ளே இருந்து கதவில் காலை வைத்தேன். ஒரு கையால் மாடிப் பொத்தான்கள் அத்தனையும். மறு கையால் ஆபத்து மணி. காலை எடுத்ததும் கதவு மூடியது. லிஃப்ட் கிளம்பியது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றது. விளக்குப் பலகை நான்காம் தளம் என்று காட்டியது. மணி அடிக்கவில்லை. தொலைபேசி யாரையும் கூப்பிடவில்லை.

பயப்பட வேண்டாம். லிஃப்ட் கீழே விழாமல் பிடிக்கும் பூட்டு தனி. அது ப்ராசஸரை நம்பியில்லை. ஆனால் நின்றுபோன பெட்டிக்குள் உதவிக்குக் கூப்பிட வழியில்லாமல் நிற்பது ஆஸ்பத்திரியில் என்னவாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

காரணத்தைப் பிடிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. பொன்முடியில் காலையில் புல்மேல் பனித்துளி வெள்ளையாகப் பரவியிருக்கும். இரவு காட்டெருமை நடந்திருந்தால் அந்த வழி மட்டும் கறுப்பாகத் தெரியும். அதே போல, ஓடத் தொடங்குமுன் காலி நினைவகம் முழுவதிலும் ஒரே எண்ணை நிரப்பி வைத்தேன். தாளில் உள்ளபடி சோதித்தபோது அடுக்கு கொஞ்ச தூரம் வந்து நின்றது. தம்பானூர்படி சோதித்தபோது நிரப்பிய எண் எல்லாம் அழிந்து, அதற்கப்பால் இருந்த பகுதிக்குள்ளும் தடம் போயிருந்தது. அங்கேதான் ‘இப்போது எந்த மாடி’ என்ற எண் இருந்தது.

நடந்தது இதுதான். புது நிரலில், ஒரு குறுக்கீட்டை, அதாவது நடுவில் வந்த வேலையை, கவனித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த குறுக்கீட்டையும் உள்ளே விடுகிறார்கள். கதவில் கால் ஒன்று, வெளிப் பொத்தான் ஒன்று, உள் பொத்தான் ஒன்று, மணி ஒன்று. ஒவ்வொன்றும் முந்தையதை நிறுத்தி, கையிலிருந்த ரெஜிஸ்டர்களை எல்லாம் அடுக்கில் வைத்து, தன் சாக்கு எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற குறிப்பையும் வைத்து, தன் வேலையைத் தொடங்கும். அடுக்கு மேலிருந்து கீழாக வளரும். மற்றத் தகவல்கள் கீழிருந்து மேலாக இருக்கும். நடுவில் சுவர் கிடையாது. பொறுமையாக ஒருவர் பின் ஒருவர் வந்தால் இரண்டும் சந்திப்பதே இல்லை. எல்லாரும் ஒன்றாக வந்தால் அடுக்கு தகவல்மேல் ஏறிப் படுத்துவிடும். ப்ராசஸர் ஒன்றும் கேட்காது. ஸ்டாக் பாயிண்டர் காட்டிய இடத்தில் வைத்துக்கொண்டே போகும்.

6

ஹெர் லாங்கே அறிக்கையைப் படித்துவிட்டு, “யாரும் லிஃப்டை இப்படிப் பயன்படுத்த மாட்டார்கள்” என்றார்.

“எங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தான்.”

“இது உங்கள் ஊருக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறது.”

“ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் பயந்து போயிருப்பார்கள். பயந்தவர்கள் எல்லா நாட்டிலும் எங்கள் ஊர்க்காரர்கள்தான்.”

காட்டுங்கள் என்று சொல்லிக் கோபுரத்துக்கு வந்தார். என்னோடு தானும் உள்ளே ஏறினார். மேலே ஃப்ராவ் க்ராமர் இரண்டு பொத்தானிலும் கட்டைவிரலை வைத்துக்கொண்டு தயாராக நின்றார். நான் காலை வைத்தேன், அழுத்தினேன். இந்த முறை ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் நின்றது. ஹெர் லாங்கே தானே மணியை அழுத்திப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை. பிறகு இன்னும் கொஞ்சம் பலமாக. கடைசியில் மற்றப் பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினார்.

வெளியிலிருந்து பலகையை நிறுத்தி மறுபடி ஓட வைக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். உள்ளே இருவரும் சுவரில் சாய்ந்து நின்றோம். அவர்தான் பேசினார். குரல் மென்மையாகவே இருந்தது.

“அடுத்த வெளியீட்டில் சரி செய்துவிடுவோம். வாக்குத் தருகிறேன். இப்போது தாளில் என்ன எழுதியிருக்கிறது? குறிப்பிட்ட முறைப்படி சோதித்ததில் குறை இல்லை. அது உண்மைதானே? பொய்யில் கையெழுத்துப் போடச் சொல்லவில்லை.”

“முறையே குறையாக இருக்கிறது.”

“முறையை எழுதியது நீங்கள் அல்ல.” கொஞ்சம் நிறுத்தி, “உங்கள் ஒப்பந்தம் என் மேசையில் இருக்கிறது. இன்று மாலை பார்ப்பதாக இருக்கிறேன்” என்றார்.

அந்தப் பெட்டிக்குள் எனக்குப் பயம் வந்தது. இல்லை என்று சொன்னால் பொய். அம்மாவுக்கு லயத்தை விட்டுத் தனி வீடு கட்ட அஸ்திவாரம் போட்டிருக்கிறோம். திரும்பிப் போனால், போன மச்சான் திரும்பி வந்தான் என்கிற கதையை எனக்குக் காதுபடச் சொல்லுவார்கள். ஓர் உண்மையான வாக்கியத்தின் கீழே என் பெயரை எழுதினால் எல்லாம் அப்படியே இருக்கும். யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் முதல் வரி இல்லாத ரெக்கார்டைக் காட்டி முழு மார்க் வாங்கிக்கொண்டு போகிறவள் நான் இல்லை. அந்தப் பெருமையை விட்டால் என்னிடம் வேறு சொத்து என்ன இருக்கிறது?

கதவு திறந்தது. மேசைக்குப் போய்த் தாளை எடுத்தேன். ‘தேறவில்லை’ என்று ஜெர்மனில் எழுதினேன். கீழே காரணத்தை எழுதினேன். பேச்சியம்மாள் என்று முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டேன். அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. அதை நான் மதிக்கிறேன். தேறவில்லை என்று கையெழுத்தான தாளை யாரும் கிழிக்க முடியாது. குறை நீங்கியது என்று இன்னொரு தாள் வரும்வரை பலகை வெளியே போகாது.

ஹெர் லாங்கே மறுநாள் ஒரு புதுத் தாளோடு ஃப்ராவ் க்ராமரிடம் போயிருக்கிறார். அவர், “முதலில் அந்தப் பெண் எழுதியதைச் சரிசெய்யுங்கள். என் கட்டைவிரல் இன்னும் வலிக்கிறது” என்றாராம்.

சரிசெய்தார்கள். அடுக்குக்கு இடத்தைக் கூட்டினார்கள். மாடி எண்ணை வேறு பக்கம் மாற்றினார்கள். குறுக்கீட்டுக்குள் குறுக்கீடு வருவதை நிறுத்தினார்கள். கால், மணி, எல்லாப் பொத்தானும் என்று சோதனை வரிசையில் புது வரி சேர்ந்தது. கோபுரத்தில் அதை இப்போது எல்லோரும் செய்கிறார்களாம். ஆஸ்பத்திரிக்குப் பலகை தாமதமாகப் போனது, நன்றாகப் போனது.

என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. குழுவோடு ஒத்துப்போவதில் சிரமம் என்று காரணம் எழுதியிருந்தது.

7

அம்மா மலையடிவாரத்து விதுரைக்கு இறங்கி வந்து டெலிபோன் பூத்திலிருந்து கூப்பிட்டாள். எஸ்டேட் கடைக்கு அதற்குள் சேதி போய்விட்டது.

“ஏட்டி, வேல போச்சாமே?”

“போச்சும்மா.”

“கைய நீட்டினியா?”

“இல்ல.”

“அப்ப வாய நீட்டிருப்ப.”

“கையெழுத்துப் போட்டேன்.”

பூத்துக்கு வெளியே பஸ் ஹாரன் கேட்டது.

“கைநாட்டு வச்சு எனக்கு இத்தன வருசம் வேல நிக்குது. நீ கையெழுத்துப் போட்டு வேலயத் தொலச்சிருக்க. இதுக்காட்டி உன்னப் படிக்க அனுப்புனேன்?”

“ஆமா. இதுக்குத்தான்.”

“வாயப் பாரு. பின்ன என்ன செய்யப் போற?”

“வேற தேடுவேன். திரும்பி வரமாட்டேன்.”

“வரச்சொல்லி நான் இப்ப அழுதனா? சிமெண்டுக்காரன் கேட்டா அடுத்த மாசம்னு சொல்லிருதேன். வய்யி, கார்டு தீருது.”

அடுத்த வாரம் அயலார் அலுவலகத்தில் மீசைக்காரர் என் கோப்பைத் திறந்தார். ஐந்தாம் மாடி. ஜன்னலுக்கு வெளியே மழை. வேலை ஏன் போனது என்று கேட்டார். வழக்கமாக இந்த மேசையில் நான் சுருக்கமாகப் பேசுவேன். அன்று முழுவதையும் சொன்னேன். தப்பும் தவறுமான ஜெர்மனில், அடுக்கையும் ரெஜிஸ்டரையும் கதவில் வைத்த காலையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“ஆக, தேறியது என்று கையெழுத்துப் போட்டிருந்தால் இன்று இங்கே வந்திருக்க மாட்டீர்கள்.”

“வந்திருப்பேன். புதுப்பிக்க. ஆனால் உங்களிடம் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.”

ஒத்துப்போவதில் சிரமம் என்ற கடிதத்தை இன்னொரு தரம் படித்தார். “இந்த நாட்டில் இது அவ்வளவு பெரிய குற்றமில்லை” என்றார். வேலை தேடிக்கொள்ள மூன்று மாதம் நீட்டித்து முத்திரை குத்தினார். அதற்குள் கிடைக்காவிட்டால் போக வேண்டியதுதான் என்றும் சொன்னார். கிடைக்கும் என்றேன். வியாழக்கிழமை ஒரு பேட்டி இருக்கிறது என்றேன்.

மதிய இடைவேளை. அவரும் குடையை எடுத்துக்கொண்டு என்னோடு வெளியே வந்தார். லிஃப்ட் வாசலில் நின்று, கதவுக்கு மேலே விளக்குப் பலகையில் இருந்த கம்பெனிப் பெயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இது உங்களுடையதா?”

“எங்களுடையதுதான். ஆனால் பழைய பலகை. அந்தக் குறை இதில் இல்லை. தைரியமாக ஏறலாம்.”

“நம்புகிறேன்,” என்றார். “ஆனால் டாக்டர் என்னை நடக்கச் சொல்லியிருக்கிறார்.”

குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். நான் லிஃப்டில் ஏறி இறங்கினேன். அவர் இன்னும் இரண்டாம் மாடிப் படியில் வந்துகொண்டிருந்தபோது, நான் தெருவில் நின்று வியாழக்கிழமைப் பேட்டிக்குப் போகும் பஸ் எது என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.